நாரிப் பிடிப்பும் காப்புறுதிப் படிவமும்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சல்லியிலும் நிலாவெளியிலும் கரைவலை இழுப்பவர்கள், சீனன்குடாப் பக்கம் மூட்டை தூக்குபவர்கள், கச்சேரியில் காலை முதல் மாலை வரை கணினிக்கு முன்னால் குந்தியிருப்பவர்கள், கிண்ணியாவுக்கும் டவுணுக்கும் ஓட்டோ ஓட்டுகிறவர்கள் என்று யாரைக் கேட்டாலும் கழுத்தோ தோளோ நாரியோ (இடுப்போடு சேர்ந்த கீழ்முதுகு) ஏதோ ஒன்று இறுகித்தான் இருக்கிறது. ஒற்றடம் கொடுத்து, தைலம் பூசிச் சமாளித்து விடுகிறார்கள். தனியார் மருத்துவக் காப்புறுதி எடுக்கலாம் என்று படிவத்தைக் கையில் எடுக்கும்போதுதான் பயம் பிடிக்கிறது. படிவம் நிரப்பிக் கொடுக்கிற வேலையில் என்னிடம் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

தசைப்பிடிப்பு இருந்தால் காப்புறுதி தரமாட்டார்களா?

தருவார்கள். தூக்கி, இழுத்து, கோணலாகப் படுத்து வந்த பிடிப்பு, சில நாளில் விட்டுப்போனது என்றால் யாரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. கொம்பனியில் படிவத்தைப் பரிசீலிக்கிறவருக்குத் தேவை ஒரே ஒரு பதில்தான்: இந்தப் பிடிப்புக்குப் பின்னால் நாளைக்குப் பெரிய செலவு வைக்கிற ஏதாவது ஒளிந்திருக்கிறதா? இல்லை என்று உங்கள் பத்திரங்களிலிருந்தே அவருக்கு விளங்கிவிட்டால் அலுவல் முடிந்தது. விளங்காவிட்டால் அவர் பாதுகாப்பான பக்கம் சாய்வார். அந்தப் பாதுகாப்பு அவருடையது, உங்களுடையது இல்லை.

அப்படியென்றால் எதைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள்?

எத்தனை தடவை வந்தது, எவ்வளவு காலம் இருந்தது, நோ கைக்கோ காலுக்கோ இறங்கியதா, விறைப்பு இருந்ததா, வேலைக்குப் போகாமல் எத்தனை நாள் இருந்தீர்கள், ஊசி, பிசியோதெரபி, ஸ்கேன் என்று போனதா, கடைசியாக எப்போது வந்தது. இவைதான்.

இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் போன வருடம் வீடு மாறும்போது அலுமாரி தூக்கி நாரி பிடித்தது. ஓபிடியில் (வெளிநோயாளர் பிரிவில்) குளிசை எடுத்தார். ஒரு கிழமையில் சுகம். மற்றவருக்கு மூன்று வருடமாக மழைக்காலம் வந்தால் நாரி பிடிக்கும், இடது காலுக்கு இறங்கும், இரண்டு தடவை பிசியோதெரபிக்குப் போயிருக்கிறார். இருவரும் வாயால் சொல்வது "நாரிப் பிடிப்பு" என்றுதான். முதலாமவருக்கு வழக்கமான நிபந்தனைகளோடு பொலிசி கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. இரண்டாமவரிடம் டொக்டரின் அறிக்கை கேட்பார்கள். அதைப் பார்த்துவிட்டு முள்ளந்தண்டு சம்பந்தப்பட்ட செலவை மட்டும் விலக்கித் தரலாம், பிரீமியத்தைக் கூட்டலாம், இல்லாவிட்டால் "ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்று தள்ளிப் போடலாம். முற்றாக மறுப்பது தசைப்பிடிப்புக்காக மட்டும் என்றால் அரிது.

கூட்டுவது என்றால் என்ன என்று கேட்பீர்கள். ஆண்டுக்கு 60,000 ரூபாய் பிரீமியம் என்று வைத்துக்கொள்வோம். 25 வீதம் கூட்டினால் 75,000. இப்படி ஒரு தெரிவு வந்தால் அவசரப்பட்டு "விலக்கே போதும், காசு மிச்சம்" என்று சொல்லாதீர்கள். "முள்ளந்தண்டும் அதைச் சார்ந்த தசை, நரம்பு, மூட்டு எல்லாம்" என்று அகலமாக எழுதிய விலக்கு ஒன்று, பிறகு விபத்தில் முதுகு அடிபட்டாலும் வந்து நிற்கும். எழுத்தில் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்து, "விபத்து தவிர" என்று சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் சில நேரம் சேர்ப்பார்கள். கேட்காவிட்டால் ஒருபோதும் சேர்க்கமாட்டார்கள்.

படிவத்தில் "முதுகு, கழுத்து, மூட்டு வருத்தம் இருந்ததா" என்ற கேள்விக்கு என்ன எழுதுவது?

இந்த ஒரு கட்டத்தில்தான் ஆட்கள் தங்களுக்குத் தாங்களே குழி வெட்டிக்கொள்கிறார்கள். "ஆம்" என்று சரி போட்டுவிட்டு, விபரத்துக்கு விட்ட கோட்டில் "முதுகு வருத்தம்" என்று மட்டும் எழுதுவார்கள். அதை வாசிக்கிறவருக்கு அது புற்றுநோயாகவும் இருக்கலாம், புழுக்கத்தில் வந்த பிடிப்பாகவும் இருக்கலாம்.

இப்படி எழுதலாம்: "2024 மார்ச்சில் பாரம் தூக்கியதால் நாரியில் தசைப்பிடிப்பு. கால் விறைப்பு இல்லை. ஓபிடியில் ஒரு தடவை காட்டி ஐந்து நாள் குளிசை. எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கவில்லை. பத்து நாளில் முழுச் சுகம். அதன்பின் வரவில்லை." காரணம், திகதி, இடம், சிகிச்சை, முடிவு எல்லாம் வந்துவிட்டது. கோடு போதாவிட்டால் தனித்தாளில் எழுதி, கையெழுத்து வைத்து இணையுங்கள். படிவம் ஆங்கிலத்தில் இருந்தால் தமிழ்ப் படிவம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். விளங்காத மொழியில் கையெழுத்து வைத்தாலும் வைத்தது நீங்கள்தான்.

கிளினிக் கொப்பியில் டொக்டர் ஏதோ கிறுக்கியிருக்கிறார். அது பாதிக்குமா?

பாதிக்கும், நீங்கள் நினைப்பதைவிடக் கூட. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற கொப்பியைத் திறந்து பாருங்கள். சில இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு அதற்குப் பக்கத்தில் "டிஸ்க்" (முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையில் உள்ள தட்டு) என்று எழுதியிருக்கும். அந்தக் கேள்விக்குறி டொக்டருக்குத் தானே போட்டுக்கொண்ட ஞாபகக் குறிப்பு: இப்படியும் இருக்கலாம், பார்க்க வேண்டும். அடுத்த தடவை நீங்கள் சுகமாகிப் போகாமலே விட்டிருப்பீர்கள். கேள்வி கேள்வியாகவே நின்றுவிடும். கொழும்பில் இருந்து கொப்பியின் பிரதியை வாசிக்கிறவர் கேள்விக்குறியைப் பார்ப்பதில்லை, "டிஸ்க்" என்பதைத்தான் பார்க்கிறார்.

பரிகாரம் சுலபம். விண்ணப்பிக்கும் முன் அதே டொக்டரிடமோ குடும்ப டொக்டரிடமோ போய், இன்றைய நிலையைச் சோதித்து ஒரு கடிதம் எடுங்கள்: கால் பலம் சரி, உணர்ச்சி சரி, நரம்பு அழுத்தத்துக்கு அறிகுறி இல்லை, வேலை செய்யத் தடையில்லை. நான்கு வரி போதும். ஆனால் பக்கத்தைக் கிழிக்கிற யோசனை மட்டும் வேண்டாம். பக்கம் குறைந்த கொப்பி, கேள்விக்குறியைவிட மோசமாகப் பேசும்.

முன்கூட்டியே ஒரு எம்ஆர்ஐ எடுத்து "ஒன்றுமில்லை" என்று காட்டினால் நல்லதுதானே?

பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். டொக்டர் தேவை என்று சொன்னால் கட்டாயம் எடுங்கள், காப்புறுதிக்காக எடுக்காதீர்கள். காரணம், "ஒன்றுமில்லை" என்று வருகிற முதுகு குறைவு. 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், நோவே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 20 வயதுக்காரர்களில்கூட 37 வீதமானோருக்கு டிஸ்க் தேய்வு தெரிந்தது. 80 வயதில் 96 வீதம். டிஸ்க் பிதுக்கம் 20 வயதில் 30 வீதம், 80 வயதில் 84 வீதம். இத்தனைக்கும் அவர்களில் ஒருவருக்கும் முதுகு நோகவில்லை.

ஆகவே சுகமாக இருக்கிற ஒருவர் காசு கொடுத்து ஸ்கேன் எடுத்து, வயதோடு வருகிற ஒரு தேய்வைப் பத்திரமாக்கிக் கொண்டுவந்து, அதைப் படிவத்தில் சொல்லியாக வேண்டிய நிலைக்குத் தானே போய்ச் சேர்கிறார். எடுத்தது எடுத்ததுதான். ஸ்கேன் எடுத்தீர்களா என்று கேட்டால் மறைக்கக் கூடாது.

முகவர் "இதெல்லாம் எழுதத் தேவையில்லை, இல்லை என்று போடுங்கோ" என்கிறார். போடலாமா?

வேண்டாம். முகவருக்குத் தரகு வருவது பொலிசி போனால்தான். கேட்டுக் கேட்டு இழுபட்டால் அவருக்கும் அலுப்பு. நல்ல மனதோடு சொல்பவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் படிவத்தின் அடியில் "எனக்குத் தெரிந்த முக்கிய விடயம் எதையும் மறைக்கவில்லை" என்று இருக்கிற வரிக்குக் கீழே உங்கள் கையெழுத்து.

இலங்கையில் காப்புறுதி முழு நல்லெண்ணம் என்ற கொள்கையில் நிற்கிறது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லித் தப்புகிற விளையாட்டு இங்கே இல்லை. முடிவை மாற்றக்கூடிய விடயம் என்றால் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். பிரச்சினை வருவது பொலிசி எடுக்கும்போது அல்ல, பெரிய பில்லோடு போய் நிற்கும்போது. அப்போது பழைய கொப்பி, பழைய துண்டு, ஆஸ்பத்திரிப் பதிவு எல்லாம் கேட்பார்கள். இதயத்துக்குச் சிகிச்சை செய்துவிட்டு வந்தவரிடம் முதுகுக் கதையை எடுத்து, "முன்மொழிவுப் படிவத்தில் உண்மை சொல்லவில்லை" என்று நிற்கக்கூடும். நியாயமா என்று வாதாடலாம், வெல்லவும் கூடும். ஆனால் வார்ட்டில் இருந்து வந்த கையோடு அந்த வாதம் யாருக்கு வேண்டும்?

சித்த வைத்தியரிடம் காட்டியதையும் சொல்ல வேண்டுமா? பரியாரியிடம் எண்ணெய் போட்டதை?

பதிவு பெற்ற சித்த வைத்தியரிடம் சிகிச்சை எடுத்திருந்தால் சொல்லுங்கள். 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் சித்தமும் யுனானியும் அங்கீகரிக்கப்பட்ட வைத்திய முறைகள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் நமது திருகோணமலை வளாகத்திலேயே சித்த மருத்துவம் பட்டப்படிப்பாக இருக்கிறது. "எந்த வைத்தியரிடமாவது" என்று படிவம் கேட்டால் அவரும் அதற்குள் வருகிறார்.

வீட்டில் அம்மா நொச்சி இலை வதக்கி ஒற்றடம் கொடுத்தது, சித்தாலேபத் தைலம் பூசியது, கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணற்றிலும் வாளியால் அள்ளி ஊற்றிக்கொண்டது, இவை எதுவும் படிவத்துக்குரியவை அல்ல. அதற்குக் கீழே இருந்த வருத்தம் முக்கியமானது என்றால் அந்த வருத்தத்தை எழுதுங்கள்.

கழுத்து இறுக்கத்துக்கும் தலையிடிக்கும் இரவில் ஒரு சின்னக் குளிசை தந்தார்கள். பெயர் அமிற்றிப்டிலின். இதில் ஏதும் சிக்கல் உண்டா?

நல்ல கேள்வி. பலருக்கு இது தெரிவதில்லை. அமிற்றிப்டிலின் மனச்சோர்வுக்கான மருந்தாகத்தான் வந்தது. ஆனால் 10 மில்லிகிராம் அளவில் இறுக்கத் தலையிடிக்கும் நாட்பட்ட நோவுக்கும் சாதாரணமாகக் கொடுப்பார்கள். மனச்சோர்வுக்கு வேண்டிய அளவு இதைவிடப் பல மடங்கு. மருந்தின் பெயரை மட்டும் பார்க்கிற பரிசீலகர் உங்களை மனநோய்ப் பக்கத்தில் சேர்த்துவிடக்கூடும். காப்புறுதியில் அந்தப் பக்கம் முதுகைவிடக் கடுமையாகப் பார்க்கப்படுகிறது. (அப்படிப் பார்ப்பது சரியில்லை என்பது என் கருத்து. அது வேறு கதை.) ஆகவே மருந்தின் பெயரோடு, எதற்காக, எந்த அளவில், எத்தனை மாதம் என்று டொக்டரிடம் ஒரு வரி எழுதி வாங்குங்கள். தசையைத் தளர்த்தக் கொடுக்கிற டயசிபாமுக்கும் இதே கதைதான்.

இன்னொன்று. சீனி வருத்தக்காரருக்கு இரவில் கெண்டைக்கால் பிடிக்கிறது, கொலஸ்ட்ரோலுக்கு ஸ்டற்றின் எடுக்கிறவருக்கு உடம்பெல்லாம் தசை நோ என்றால், கொம்பனிக்குத் தசை பொருட்டே இல்லை. சீனியையும் கொலஸ்ட்ரோலையும்தான் பார்ப்பார்கள். தசையை விளக்கி அரைப் பக்கம் எழுதிவிட்டுச் சீனியை விட்டுவிடாதீர்கள்.

பொலிசி கையில் இருக்கிறது. பிசியோதெரபிச் செலவைத் தருவார்களா?

பெரும்பாலும் இல்லை. நம்மூரில் விற்கிற பொலிசிகளில் அநேகமானவை வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டால் பணம் தருபவை. வெளிநோயாளர் செலவு தனிச் சேர்க்கை. அதற்கு வேறு காசு, அதிலும் ஆண்டுக்கு ஒரு உச்ச வரம்பு. பிடிப்பு என்று போய் இரண்டு நாள் வார்ட்டில் இருந்து ஸ்கேன் மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால், "பரிசோதனைக்காக மட்டும் அனுமதி" என்று தள்ளுகிற நிபந்தனையும் பல பொலிசிகளில் உண்டு. பொலிசி தொடங்கும் முன்பே இருந்த வருத்தத்துக்கு ஒரு காத்திருப்புக் காலமும் இருக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். அரச வைத்தியசாலையில் தங்கினால் நாளொன்றுக்கு இவ்வளவு என்று காசு தருகிற சலுகை பல பொலிசிகளில் இருக்கிறது. நாங்கள் பெரும்பாலும் போவது மாவட்டப் பொது வைத்தியசாலைக்கும் கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆஸ்பத்திரிகளுக்கும்தான். கொழும்பில் உள்ள பெரிய தனியார் வைத்தியசாலையில் பணம் கட்டாமல் அனுமதி என்ற விளம்பரத்தைவிட இந்தச் சலுகைதான் இங்குள்ளவருக்கு உதவும். கொழும்பு 260 கிலோமீற்றர். பிடித்த நாரியோடு அந்தப் பயணம் ஒரு தண்டனை.

ஆயுள் காப்புறுதியோடு சேர்ந்து வருகிற மருத்துவச் சேர்க்கையா, வருடா வருடம் புதுப்பிக்கிற பொதுக் காப்புறுதியா என்பதையும் பாருங்கள். காப்புறுதித் துறைச் சட்டத்துக்கு 2011இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இவை இரண்டையும் வெவ்வேறு கொம்பனிகள்தான் செய்கின்றன. வருடாந்தப் பொலிசியில் இந்த வருடம் வந்த பிடிப்பு அடுத்த வருடப் புதுப்பித்தலில் நிபந்தனையாகத் தலைகாட்டலாம்.

நான் அரச உத்தியோகத்தர். அக்ரஹார இருக்கிறதே, தனியாகவும் வேண்டுமா?

அக்ரஹார என்பது அரச ஊழியருக்கான மருத்துவக் காப்புறுதி. தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்துவது, சம்பளத்தில் பிடிக்கிறார்கள். பிடிப்புக்காக மட்டும் யோசித்தால் அதுவே போதும். பெரிய சத்திரசிகிச்சைகளை மனதில் வைத்துத் தனியாக எடுப்பது உங்கள் வசதியைப் பொறுத்தது. தனியார் வேலையில் இருந்தால் முதலில் கம்பனியின் குழுக் காப்புறுதியை விசாரியுங்கள். அதில் பெரும்பாலும் ஆளாளுக்கு உடல்நலக் கேள்வி கேட்பதில்லை. முதுகு வருத்தக்காரருக்கு அதுதான் நல்ல வாசல்.

மகன் ஜெர்மனியில். தனியார் காப்புறுதிக்கு மாறப் போகிறான், கழுத்து இறுக்கத்துக்கு மசாஜ் எடுத்ததைப் பற்றிக் கேட்கிறார்களாம். அங்கேயும் இதே கதையா?

கொஞ்சம் வேறு. அங்கே சட்டபூர்வப் பொதுக் காப்புறுதி உடல்நலம் கேட்காது, வருத்தத்தைக் காட்டி யாரையும் மறுக்காது. தனியார் பக்கம் போகச் சம்பளக்காரருக்கு ஒரு வருமான எல்லை உண்டு. 2025இல் அது ஆண்டுக்கு 73,800 யூரோவாக இருந்தது. கடை, உணவகம் என்று சொந்தத் தொழில் செய்பவருக்கு அந்த எல்லை இல்லை. தனியார் கொம்பனி உடல்நலக் கேள்வி கேட்டே எடுக்கும். வெளிநோயாளர் சிகிச்சைக்குப் பெரும்பாலும் கடந்த மூன்று வருடத்தைக் கேட்பார்கள்.

பெரிய வித்தியாசம் சட்டத்தில். ஜெர்மன் காப்புறுதி ஒப்பந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி எழுத்தில் கேட்டதற்குத்தான் பதில் சொல்லும் கடமை. ஆனால் கேட்டதற்குப் பிழையாகச் சொன்னால் மருத்துவக் காப்புறுதியில் மூன்று வருடம்வரை, வேண்டுமென்றே சொன்னால் பத்து வருடம்வரை கொம்பனி அதைக் கிளறலாம்.

மகன் செய்ய வேண்டிய முதல் வேலை, டொக்டரின் பதிவைக் கேட்டு வாங்குவது. அவனுடைய பதிவைப் பார்க்க அவனுக்கு உரிமை உண்டு. அங்கே ஒவ்வொரு வருகைக்கும் ஒரு நோய்க் குறியீடு போடுவார்கள். எம்54 என்றால் முதுகு, கழுத்து நோ. எம்51 என்றால் டிஸ்க் கோளாறு. நோவுக்கு இரண்டு நாள் லீவு கேட்டுப் போனவனுக்கு எம்51 விழுந்திருந்தால் அதை இப்போதே டொக்டரிடம் பேசித் தெளிவாக்க வேண்டும். பெயர் போடாமல் தரகர் மூலம் பல கொம்பனிகளிடம் முன்விசாரணை செய்கிற வழக்கமும் அங்கே உண்டு. அதைச் செய்யாமல் நேரே விண்ணப்பித்து மறுப்பு வாங்கினால், அடுத்த படிவத்தில் "முன்பு மறுக்கப்பட்டீர்களா" என்ற கேள்விக்கும் பதில் எழுத வேண்டி வரும்.

எந்தப் பிடிப்பைப் பிடிப்பு என்று விடக் கூடாது?

இடது தோள், தாடை, நெஞ்சு இறுகி வியர்த்தால். காய்ச்சலோடு கழுத்து வளையாமல் போனால். நாரி நோவோடு கால் பலம் குறைந்தால், சிறுநீர் கட்டுப்படாமல் போனால், தொடை இடுக்கு மரத்தால். இவற்றுக்கு எண்ணெயும் வேண்டாம், படிவமும் வேண்டாம். உடனே அவசர சிகிச்சைப் பிரிவு.

பழைய பிடிப்பைக் காட்டிக் காப்புறுதிப் பணத்தை மறுத்துவிட்டார்கள். யாரிடம் போவது?

முதலில் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். எந்த நிபந்தனையின் கீழ் என்று இலக்கத்தோடு. தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது. பிறகு அதே கொம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு டொக்டரின் கடிதத்தோடு மேன்முறையீடு. அங்கும் சரிவராவிட்டால் கொழும்பில் உள்ள காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் எழுதலாம்; முறையிடுகிறவரிடம் கட்டணம் வாங்குவதில்லை. துறையை மேற்பார்வை செய்வது இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு, அதற்கும் எழுதலாம். படிவத்தின் பிரதி உங்களிடம் இருந்தால் இந்த வழி முழுவதும் பாதி சுலபமாகும். கையெழுத்து வைத்த அன்றே கைபேசியில் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள்.

நேற்றுத்தான் பிடித்தது. இன்றைக்கே விண்ணப்பம் போடலாமா?

நோவோடு இருக்கும்போது போட்டால் "தற்போது சிகிச்சையில்" என்று எழுத வேண்டி வரும், அவர்களும் தள்ளிப் போடுவார்கள். சாதாரணப் பிடிப்பு நான்கு முதல் ஆறு கிழமைக்குள் பெரும்பாலும் விட்டுவிடும். விட்டபிறகு டொக்டரிடம் ஒரு தடவை காட்டி, "சுகம்" என்று கொப்பியில் எழுத வைத்துவிட்டுப் போடுங்கள். ஆறு கிழமை தாண்டியும் விடாவிட்டால் படிவத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு முதுகைப் பாருங்கள்.